வர்றேன்னு சொன்னவர்

எனக்குக் கோவம் சட்டுன்னு வந்துடும். இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா இனிமே நான் சொல்லப்போறதுல பாதி கோவத்துல சொல்றது. மீதிப் பாதி பயம். அந்தப் பயம் இன்னும் என்னை விட்டுப் போகல.

நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட். அங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை பாக்குறவ நான். எங்க ஊட்டுக்காரர் அதே எஸ்டேட்டுல பைப்லைன் ஆளு. மலைக்கு மேல சோலைக்குள்ள ஒரு ஊத்து இருக்கு. அங்கிருந்துதான் காப்பிப் பழம் அலசுற தொட்டிக்கும் நாங்க குடியிருக்குற லயன் ஊடுங்களுக்கும் தண்ணி வரணும். குழாய்ல இலை அடைச்சாலும் சரி, காட்டெருமை மிதிச்சு ஜாயிண்ட் விட்டுப்போனாலும் சரி, மேல ஏறிப் போய்ச் சரி பண்ண வேண்டியது அவர்தான். ஒத்தை ஆளாப் போவாரு, ஒத்தை ஆளா வருவாரு. கல்யாணம் ஆன புதுசுல அதை நெனச்சா எனக்குத் திக்குன்னு இருக்கும். அப்புறம் பழகிப்போச்சு. பழகுறதுக்குக் காரணம் அந்தப் பழைய கம்ப்யூட்டருதான்.

கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. எந்தக் காலத்துலயோ சேலத்துக்காரர் ஒருத்தர் எழுதிக் குடுத்த புரோகிராம். எழுதுனவர் எங்க இருக்காரு, இருக்காரா இல்லையான்னே யாருக்கும் தெரியாது. ஆனா காலையில சுவிட்சைப் போட்டா ஒரு உறுமு உறுமிட்டு எந்திரிச்சுக்கும். யாரு எந்தக் காட்டுல வேலை, எங்க மருந்து அடிச்சிருக்கு, எங்க பழம் எடுத்தாச்சு, எல்லாம் அதுக்குள்ளதான். ஆளு பேருக்கு நேரா ஒரே ஒரு இங்கிலீஷ் எழுத்துப் போடுற அளவுக்கு எடம் இருக்கும். லீவுன்னா எல். உடம்பு சரியில்லைன்னா எஸ். தூரத்துக் காட்டுக்குக் கெளம்பிட்டா வி.

அந்த வி வந்த கதையை, எனக்கு முன்னாடி கணக்கு எழுதிக்கிட்டு இருந்த ரைட்டர் வேலையை ஒப்படைக்கிறப்ப சொன்னாரு. சேலத்துக்காரர் முதல்ல போட்டுக் குடுத்தது வி இல்லையாம், பி. போனவர்ங்கிறதுக்குப் பி. புரோகிராம் வந்த கொஞ்ச நாள்லயே, காலையில பி போட்டு அனுப்புன காவக்காரரைக் காட்டெருமை முட்டிடுச்சு. கம்பிளியைக் கம்புல தூளியாக் கட்டித்தான் கீழ கொண்டு வந்தாங்க. உசுரு இல்ல. ரைட்டர் அன்னிக்கே சேலத்துக்குப் பஸ் ஏறிட்டாராம். "போன்னு எழுதி அனுப்புனா மனுசன் எப்புடிங்க திரும்பி வருவான்? ஊட்டை விட்டுக் கெளம்புறவங்க வாயில என்ன சொல்றாங்களோ அதைப் போடுங்க"ன்னு நின்னு மாத்தி வாங்கிட்டு வந்திருக்காரு. நம்ம பக்கம் யாருங்க போறேன்னு சொல்லிட்டுப் போவாங்க? வர்றேன்னுதானே சொல்வாங்க? அதனால வி.

நான் கேட்டுட்டுச் சிரிச்சேன். ஆனா ஒரு நாளும் வேற எழுத்துப் போடல.

காலையில ஒவ்வொருத்தரா ஆபீஸ் சன்னல்கிட்ட வந்து "வர்றேனுங்க" அப்பிடிம்பாங்க. நான் வி போடுவேன். சாயங்காலம் அதே சன்னல்ல வந்து "வந்துட்டேனுங்க" அப்பிடிம்பாங்க. நான் அந்த வி-யை அழிச்சுடுவேன். எழுத்து இல்லாம வெறும் எடமா இருந்தா ஆளு பத்திரமா வந்தாச்சுன்னு அர்த்தம். பழம் எடை போடுற ஷெட்டுல லைட்டுப் போடுற நேரத்துக்கு ஒரே ஒரு வி மிச்சம் இருந்தாலும், நான் எந்திரிச்சுப் போயி வாசல்ல தொங்குற பெரிய மணியை அடிக்கணும். யாரையும் கேக்க வேண்டியதில்ல.

அந்த மணிக்கு ஒரு சட்டம் உண்டு. காட்டுல மாட்டிக்கிட்டவங்க, மணி கேட்டுச்சுன்னா நின்ன எடத்துலயே உக்காந்துக்கணும், குரல் குடுக்கணும், ஒரு அடி நகரக்கூடாது. ஊத்துக்குக் கீழ பாசி புடிச்ச பாறைச் சரிவு ஒண்ணு இருக்கு. மூடுபனி எறங்கிடுச்சுன்னா அது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. வழி தேடி நகர்ந்தவங்களுக்குத்தான் ஆபத்து. மணி அடிச்சுட்டா நம்மளைத் தேடி ஆள் கெளம்பிட்டாங்கன்னு அர்த்தம், பேசாம உக்காந்திருந்தாப் போதும். நான் வந்ததுக்கு அப்புறம் அந்த மணியை நாலஞ்சு தடவை அடிச்சிருக்கேன். நடந்து வந்தவங்களும் சரி, தூக்கிட்டு வந்தவங்களும் சரி, எல்லாரும் உசுரோட வந்து சேர்ந்தாங்க.

பெரிய முதலாளி காலமாகி, சென்னையில இருந்த அவர் மகன் பொறுப்புக்கு வந்தாரு. வெளிநாட்டுல காப்பி வாங்குறவங்க எந்தக் காடு, யாரு பறிச்சாங்க, மருந்து எப்ப அடிச்சீங்கன்னு எல்லாத்தையும் நெட்டுல பாக்கணும்னு கேட்டாங்களாம். இவருக்கும் சென்னையில இருந்துக்கிட்டே போன்ல எஸ்டேட்டைப் பாக்கணும்னு ஆசை. எங்க கறுப்புத் திரையோ நாலு செவுத்தைத் தாண்டி எதையும் பாத்ததில்ல. தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கவும் மனசு வரல, இத்தனை வருசத்து வெவரமும் அதுலதான் கெடக்கு. பழசுல இருக்குறதை அப்புடியே வெப்சைட்டோட கோத்து விட்டுடலாம்னு சொல்லி ஒரு தம்பியை அனுப்பி வெச்சாங்க.

அந்தத் தம்பி நல்ல பையன். அதைச் சொல்லாம இருக்க முடியாது. ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, கையைத் தேச்சுக்கிட்டே லேப்டாப்புல தட்டிக்கிட்டு இருப்பாரு. வாய் நெறைய அக்கா. நான் டீ வெச்சுக் குடுத்தா, குடிச்சு முடிச்சு டம்ளரைக் கழுவியும் வெப்பாரு. பழைய கம்ப்யூட்டர்ல இருக்குற ஒவ்வொரு எழுத்துக்கும் புதுசுல என்ன வார்த்தைன்னு எழுதணும், அதுக்குப் பேரு மேப்பிங்னு சொன்னாரு. வார்த்தையெல்லாம் தமிழ்ல இருக்கணும்னு முதலாளி கண்டிசனாச் சொல்லிட்டாராம்.

பழம் எடுக்குற சீசன். சன்னல்ல கூட்டம், எடை போடுற எடத்துல சத்தம், போன் வேற அடிச்சுக்கிட்டு இருக்கு. அந்த நேரம் பாத்து அவரு கேட்டாரு.

"அக்கா, எல்லுன்னா?"

"லீவுங்க."

"எஸ்?"

"சிக்கு."

"வி?"

நான் தலையைத் தூக்கவே இல்ல. "அது வர்றேன்னு சொல்றதுங்க தம்பி."

அவரு தட்டிட்டு, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுனாரு. வி-க்கு நேரா 'வருகை'ன்னு இருந்துச்சு. பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவுன்னு எழுதுவாங்களே, அந்த வருகை. பாக்க நல்லா லட்சணமா இருந்துச்சு. "ரொம்பச் சரிங்க"ன்னு சொல்லிட்டு நான் எடைச் சீட்டைப் பாக்கத் திரும்பிட்டேன். ரெண்டு பேரும் பேசுனது ஒரே வார்த்தைதான். நான் அதுல வெளிய போற ஆளைப் பாத்தேன், அவரு உள்ள வர்ற ஆளைப் பாத்தாரு.

கொஞ்ச நாளைக்குப் பழசும் புதுசும் சேந்தே ஓடுச்சு. நான் பழசுல வி போடுவேன், அது எப்புடியோ வயர் வழியாப் போயி வெப்சைட்டுல அந்த ஆளு பேருக்கு நேரா பச்சைக் கட்டம் வந்துடும். தம்பி எழுதுன வருகை, கட்டத்துக்குள்ள 'வந்தார்'னு இருக்கும். மேனேஜர் அதைப் பாத்துப் பாத்துப் பூரிச்சுப் போவாரு. இன்னிக்கு வேலைக்கு யாரு வந்தாங்க, யாரு வரல, எல்லாம் துல்லியமா இருக்குன்னு சென்னையிலருந்து பாராட்டாம். வேலைக்கு வந்த கணக்குக்கு அது சரிதான். காலையில சன்னலுக்கு வந்தவங்கதானே வி வாங்குறாங்க? அதனால ஒருத்தருக்கும் சந்தேகம் வரல.

ஒரே ஒரு விசயம் மட்டும் தம்பிக்கு ஒதைச்சிருக்கு. காலையில போட்ட வி எல்லாம் சாயங்காலம் பழசுல அழிஞ்சு போயிடுது. அது பழைய புரோகிராம்ல இருக்குற கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு, ஒரு தடவை பச்சை விழுந்துட்டா அன்னிக்கு முழுக்க அது மாறவே மாறாத மாதிரி பூட்டி வெச்சுட்டாரு. இதை மேனேஜர்கிட்ட இங்கிலீஷ்ல சொல்லியிருக்காரு. மேனேஜர் கை குடுத்துப் பாராட்டியிருக்காரு. எனக்கு இது தெரிஞ்சது எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம்.

தம்பி சென்னைக்குக் கெளம்பிப் போனதுக்கு அடுத்த வாரம், இனிமே பழசு வேண்டாம்னு உத்தரவு வந்துச்சு. மேனேஜரே வந்து பிளக்கைப் பிடுங்குனாரு. எனக்குக் கையில சிலேட்டு மாதிரி ஒரு டேப் குடுத்தாங்க. பேரைத் தொட்டாப் போதும், பச்சை வந்துடும். பழைய திரை மேல நான் ஒரு துண்டைப் போத்தி விட்டேன். எனக்கு என்னமோ அன்னிக்கு எழவு ஊட்டுல உக்காந்திருக்குற மாதிரியே இருந்துச்சு. மறுநாள் காலையில செபம் பண்ண உக்காந்தாக்கூட வார்த்தை வரல.

அன்னிக்கு வெள்ளக்காரங்க வேற வர்றதா இருந்துச்சு. காப்பி வாங்குறவங்களும் முதலாளியும் ஏற்காடு டவுன்ல ஓட்டல்ல தங்கி, அங்க இருந்துக்கிட்டே எங்க வெப்சைட்டைப் பெரிய திரையில பாக்கப்போறாங்களாம். காலையிலருந்தே மேனேஜர் தரையில கால் பாவாம நடந்துக்கிட்டு இருந்தாரு.

எங்க ஊட்டுக்காரர் தோள்ல பையை மாட்டிக்கிட்டுச் சன்னல்கிட்ட வந்தாரு. "வர்றேன் புள்ள" அப்பிடின்னாரு. நான் அவர் பேரைத் தொட்டேன். பச்சைக் கட்டம் வந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. டேப்பை அவருக்குத் திருப்பிக் காட்டி, "ஏனுங்க, இன்னும் வாசப்படி தாண்டல, அதுக்குள்ள வந்துட்டீங்களாமுங்க" அப்பிடின்னேன்.

"அட, அப்ப நான் ஊட்டுக்குப் போயி படுத்துக்கட்டுமா?"ன்னாரு.

பின்னாடி நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே போனாரு. அந்தச் சிரிப்புச் சத்தம் இப்பவும் எனக்கு வெளக்குப் போடுற நேரத்துல காதுல கேக்கும்.

மத்தியானம் தொட்டியில தண்ணி நூல் மாதிரி ஆயிடுச்சு. சாப்பாட்டுக்குக் கீழ வந்திருந்த எங்க ஊட்டுக்காரர் கையைக் கழுவிட்டு மறுபடியும் மேல ஏறிட்டாரு. அவர் போன கொஞ்ச நேரத்துல மேகம் எறங்குச்சு. சும்மா எறங்கல, ஒரேயடியா எறங்குச்சு. ஆபீஸ் வாசல்ல நின்னா எதிர்ல இருக்குற சில்வர் ஓக் மரம் தெரியல. மணி தொங்குற கம்பம் மட்டும் பாதி தெரிஞ்சுது. அப்புறம் தொட்டியில தண்ணி கொட்டுற சத்தம் நல்லா கேக்க ஆரம்பிச்சுது. சரி, வேலை முடிஞ்சுது, எறங்கிடுவாருன்னு நெனச்சுக்கிட்டேன். அந்தத் தண்ணிச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் மீதி வேலையைப் பாத்தேன்.

சாயங்காலம் ஆளுங்க வந்தாங்க. "வந்துட்டேனுங்க", "வந்துட்டேனுங்க". நான் பழைய ஞாபகத்துல அழிக்கிறதுக்குப் பேரைத் தொடறேன், பச்சை போக மாட்டேங்குது. திருப்பித் திருப்பித் தொடறேன். அப்புடியே நிக்குது. தம்பிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, பச்சை போக மாட்டேங்குதே, என்ன பண்ண?"

"போகக் கூடாது அக்கா. பச்சைன்னா வந்துட்டாங்கன்னு அர்த்தம். எல்லாம் பச்சையா இருந்தா எல்லாரும் வந்தாச்சு. நீங்க நிம்மதியா ஊட்டுக்குப் போங்க." என் பேச்சைக் கேட்டுக் கேட்டு ஊடுன்னு சொல்லப் பழகியிருந்தாரு.

நான் தலை நிமுந்து பாக்குறேன், ஷெட்டுல லைட்டுப் போட்டுட்டாங்க. கூட்டம் கலைஞ்சுடுச்சு. எங்க ஊட்டுக்காரரை நான் சன்னல்ல பாக்கல. பாத்தேனா? பாக்கலையா? அந்தக் கூட்டத்துல நெசமாவே சொல்ல முடியல. நனைஞ்சுட்டா அவரு சில நாள் கீழ் வழியா நேரா ஊட்டுக்குப் போயிடுவாரு, வழியில பாத்தவங்க வந்து அவருக்கும் சேத்துச் சொல்லுவாங்க. அப்புடி யாராச்சும் சொன்னாங்களா?

மேனேஜர் ஜீப்புல ஏறிக்கிட்டு இருந்தாரு. ஓடிப் போயி நின்னேன்.

"சார், எங்க ஊட்டுக்காரர் வந்த மாதிரி தெரியலீங்க. மணி அடிக்கிறேனுங்க."

அவரு போனைத் தொறந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுனாரு. "பாரும்மா. வந்தார். உன் கண்ணு முன்னாடிதானே இருக்கு?"

"இல்லீங்க சார், அதுல வந்தார்னு இருக்குது, ஆனா..."

"அங்க முதலாளி இதைத்தான் வெள்ளக்காரங்களுக்குக் காட்டிக்கிட்டு இருக்காரு. எல்லாம் பச்சையா இருக்குறப்ப நீ மணியை அடிச்சு ஊரைக் கூட்டுனா என்னம்மா அர்த்தம்? ஊட்டுக்குப் போயிப் பாரு. அங்க படுத்திருப்பாரு."

ஜீப் போயிடுச்சு. எஸ்டேட்டுல இருந்த ஒரே வண்டி அது. அதோட பின்னாடி லைட்டு பனிக்குள்ள கரைஞ்சு போற வரைக்கும் நான் அங்கேயே நின்னேன். மணிக் கயிறு எனக்குக் கை எட்டுற தூரத்துலதான் தொங்குச்சு. யாரையும் கேக்காம அடிச்ச கைதான் இது. ஆனா அன்னிக்குக் கேட்டுட்டேன், வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அதுக்கு மேல அந்தப் பச்சைக் கட்டம். வந்தார், வந்தார்னு அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருக்குது. மனுசன் சொன்னாச் சண்டை போடலாம். அதுகிட்ட எப்புடிங்க சண்டை போடுறது?

நல்லா இருட்டுனதுக்கு அப்புறம்தான் ஊட்டுக்குப் போனேன். போகலைங்க, ஓடுனேன். லயன்ல எல்லா ஊட்லயும் வெளிச்சம். எங்க ஊடு மட்டும் இருட்டா இருந்துச்சு. பூட்டு தொங்குது. காலையில நான் பூட்டுன பூட்டு.

பூட்டைக் கையில புடிச்சுக்கிட்டு நின்னப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. இன்னும் வாசப்படி தாண்டல, அதுக்குள்ள வந்துட்டீங்களாமுங்கன்னு நான் கிண்டல் பண்ணேனே. அந்தப் பச்சை காலையில போட்டது. அவர் வர்றேன்னு சொன்னதுக்குப் போட்டது. வந்ததுக்குப் போட்டது இல்ல. எஸ்டேட்டுல இருக்குற அத்தனை பேருக்கும் அதே பச்சைதான், வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும். ஏசப்பான்னு கத்துனேன். பக்கத்து ஊட்டுக் கதவெல்லாம் தொறந்துச்சு.

திரும்பி எப்புடி ஓடுனேன்னு தெரியல. கயித்தைப் புடிச்சு இழுத்தேன். அடிச்சேன், அடிச்சேன், கை தோல் உரிஞ்சு வர்ற வரைக்கும் அடிச்சேன். லயன்லருந்து ஆளுங்க டார்ச்சை எடுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க. யாரு வரலன்னு கேட்டாங்க. ஊத்துப் பக்கம் கையைக் காட்டுனேன். மணியை நிறுத்திட்டு எல்லாரும் காதைத் தீட்டிக்கிட்டு நின்னோம். மணி கேட்டா மேலருந்து குரல் வரணும். அதுதான் சட்டம்.

குரல் வரல. தொட்டியில தண்ணி கொட்டுற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

எல்லாரும் மேல ஏறுனோம். என்னை வேண்டாம்னாங்க. கேக்குற ஆளா நான்? ஊத்துக்கிட்ட அவர் பை இருந்துச்சு, பைப் ஸ்பேனர் இருந்துச்சு, ஒத்தைச் செருப்பு இருந்துச்சு. ஆளு இல்ல. ஈர மண்ணுல எதையோ தரையோட இழுத்துக்கிட்டுப் போன மாதிரி தடம். காட்டெருமைன்னு ஒருத்தர் மெதுவாச் சொன்னாரு. இன்னொருத்தர் அவர் கையை அழுத்துனாரு. எனக்குக் கேக்கலன்னு நெனச்சுக்கிட்டாங்க.

காட்டெருமைக் குளம்புத் தடம் ஒண்ணும் அங்க இல்ல. அது அவர் உடம்பு தேஞ்சு விழுந்த தடம்தான். டார்ச் வெளிச்சத்துல அது பாறைச் சரிவு வரைக்கும் போயி, அங்க நின்னு போச்சு. பாசி மேல வழிச்சு எடுத்த மாதிரி ஒரு கோடு கீழ எறங்குச்சு. கீழ எட்டிப் பாத்துக் கூப்பிட்டோம். மொதல்ல ஒண்ணுமில்ல. அப்புறம் புதருக்குள்ளருந்து ஒரு முனகல் கேட்டுச்சு.

சுத்திக்கிட்டு எறங்கிப் போனோம். இடுப்புக்குக் கீழ கால் ஒண்ணு வேற பக்கம் திரும்பிக் கெடந்துச்சு. மூஞ்சியெல்லாம் ரத்தம். நான் மடியில தலையை எடுத்து வெச்சேன். கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தாரு.

"மணி அடிக்கலியே புள்ள" அப்பிடின்னாரு.

"அடிச்சனுங்க. அடிச்சனே. கேக்கலீங்களா?"

"கேட்டுச்சு. இங்க விழுந்து கெடக்குறப்பக் கேட்டுச்சு."

மெதுமெதுவாச் சொன்னாரு. குழாயைச் சரி பண்ணிட்டு எந்திரிக்கிறப்பக் கணுக்கால் மடங்கிப் பெசகிடுச்சாம். நடக்க முடியல. ஆனா பயப்படல. லைட்டுப் போட்டதும் மணி அடிப்பா, ஆளுங்க வருவாங்கன்னு ஊத்துக்கிட்டயே உக்காந்துக்கிட்டாராம். இருட்டுச்சு. மணி இல்ல. இன்னும் கொஞ்சம் பாப்போம்னு உக்காந்திருக்காரு. நல்லா இருட்டிப்போச்சு. அப்பவும் மணி இல்ல. சரி, என்னை யாரும் தேடலன்னு நெனச்சுக்கிட்டேன், அப்பிடின்னாரு. தேடலன்னா நாமதான் போயாகணும்னு உக்காந்த வாக்குலயே தேச்சுத் தேச்சு நகந்திருக்காரு.

கம்பிளியைக் கம்புல கட்டித் தூளியாத்தான் தூக்கிட்டு வந்தோம். பழைய காவக்காரரைத் தூக்கிட்டு வந்த அதே வழி. பழைய ஆளு ஒருத்தர் அதை வாய்விட்டுச் சொல்லிட்டாரு. அந்த எடத்துலயே நான் அவரைத் திட்டித் தீத்துட்டேன். வேன் புடிச்சு, கொண்டை ஊசி வளைவெல்லாம் எறங்கி, சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் அவர் கை என் கைக்குள்ளதான் இருந்துச்சு. ஒவ்வொரு வளைவுலயும் அவரு முனகுறப்பெல்லாம், முனகுறாரே, அது போதும்னு இருந்துச்சு.

உசுரு பொழச்சுக்கிட்டாரு. காலை எடுக்காமக் காப்பாத்திட்டாங்க, ஆனா மடங்காது. பிளேட்டு வெச்சிருக்காங்க. இனிமே மேல ஏற முடியாது.

தம்பி சென்னையிலருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வந்து நின்னாரு. நான் வராந்தாவுலயே வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். நர்ஸம்மா வந்து அதட்டுற அளவுக்குக் கத்துனேன். "கோளாறுன்னு நெனச்சுப் பூட்டுனீங்களே, ஏன் அழியுதுன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் அழிச்சுத்தானுங்க அது அழிஞ்சுது!" அவரு கண்ணுலருந்து தண்ணி ஊத்துது. கடைசியா, "அக்கா, நீங்க வர்றேன்னு சொன்னீங்களே"ன்னு மட்டும் சொன்னாரு. அதுக்கு மேல எனக்கும் கத்த முடியல. ஆமாங்க, அப்புடித்தான் சொன்னேன். வேற எப்புடிச் சொல்லுவேன்?

மேனேஜர் பழக்கூடையோட வந்தாரு. சிஸ்டத்துல சின்ன மிஸ்டேக்காம், சரி பண்ணச் சொல்லியாச்சாம். அந்தக் கூடையை வாங்கிக் கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சேன். அதுல ஒண்ணைக்கூட நாங்க தின்னல.

நான் வேலைக்குத் திரும்பிப் போனப்பத் தம்பி புதுசாப் பண்ணி வெச்சிருந்தாரு. காலையில ஒரு பொத்தான், சாயங்காலம் ஒரு பொத்தான். காலைப் பொத்தானைத் தொட்டாச் செவப்பு வரும், அதுல 'போனார்'னு எழுதியிருந்துச்சு. நான் முதல் ஆளுக்குத் தொட்டேன். பேரு செவப்பா மாறிப் 'போனார்'னு வந்துச்சு. சன்னல்ல நின்ன பொம்பளை அதைப் பாத்துட்டு, "அய்யய்யோ, என்னை அனுப்பியே வெச்சுட்டீங்களா"ன்னு நெஞ்சுல கை வெச்சுக்கிட்டா. அன்னிக்கு ஒருத்தரும் மேல்காட்டுக்கு ஏறல. தம்பி அதை 'வெளியே'ன்னு மாத்துனாரு. இப்ப அதுதான் ஓடிக்கிட்டு இருக்கு. அந்தப் பழைய நாளைத் தேடி எடுத்தா மட்டும் எங்க ஊட்டுக்காரர் பேருக்கு நேரா இன்னும் பச்சைதான். வந்தார். நாள் முடிஞ்ச பதிவை மாத்த முடியாதாம்.

அவரு கம்பு ஊனி நடக்கப் பழகுனதும், காப்பி காய வெக்கிற களத்துல வேலை குடுத்தாங்க. முதல் நாள் நான் ஊட்டைப் பூட்டிக்கிட்டு இருக்கேன், அவரு வாசல்ல எறங்கிட்டாரு.

"போறேன்" அப்பிடின்னாரு.

நான் சாவியைப் பூட்டுலயே விட்டுட்டுத் திரும்புனேன். "என்ன பேச்சுங்க இது? வர்றேன்னு சொல்லிட்டுப் போங்க."

அவரு திரும்பல. "வர்றேன்னு சொன்னா வந்துட்டேன்னு எழுதிக்குறீங்க. போறேன்னு சொன்னாத்தான் புள்ள தேடுவீங்க."

கோவத்துல சொன்னாரா வெளையாட்டுக்குச் சொன்னாரான்னு எனக்கு இன்னும் தெரியல. கேக்கவும் தைரியம் இல்ல. அன்னிலருந்து தினமும் அப்புடித்தான். சன்னல்ல அத்தனை பேரும் வர்றேனுங்கன்னு சொல்லிட்டுப் போவாங்க, இவரு மட்டும் போறேன்னு சொல்லிட்டுப் போவாரு. களம் ஆபீஸ்லருந்து கூப்பிட்டாக் கேக்குற தூரம்தான். ஆனாலும் மேகம் எறங்குற நாள்ல, லைட்டுப் போடுறதுக்கு முன்னாடியே நான் வெளிய வந்து, அவர் கம்புச் சத்தம் கேக்குற வரைக்கும் மணிக் கயித்தைக் கையில புடிச்சுக்கிட்டு நிப்பேன்.